கன்னிக்கு மணி அடிப்பதில்லை

ஜூன் 4, ஞாயிறு

இன்றிலிருந்து எழுதி வைக்கிறேன். நான் சொன்னதைச் சொல்லவில்லை என்றும், சொல்லாததைச் சொன்னேன் என்றும் பேசுகிற வீடு இது. எழுத்தில் இருந்தால் யாரும் மாற்ற முடியாது.

நடந்தது இது. மகள் கோமதியும் மருமகன் சண்முகவேலும் பேத்தி அபிராமியை அழைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டிக்கு வந்தார்கள். அபிராமிக்கு இருபத்திரண்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. பி.காம். முடித்துவிட்டு ஒரு கண் மருத்துவமனையில் கம்ப்யூட்டரில் பதிவு வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறதாம். பெயர் முகிலன். சிவகாசியில் அச்சகத்தில் வேலை. குடி கிடையாது, சாதி பேசுகிற குடும்பமும் இல்லை. அவனுக்கும் பிறவியிலேயே காது கேட்காது.

முடியாது என்றேன்.

சண்முகவேல் என் அக்காள் பேச்சியம்மாளின் மகன். முறை மாப்பிள்ளை. கோமதியை அவனுக்குத்தான் கொடுப்பேன் என்று அக்காளுக்கு வாக்குக் கொடுத்து, கொடுத்தேன். "மாமா சரின்னு சொல்லாம நான் தட்டு மாத்த மாட்டேன்" என்றான். என் சொல்லுக்கு மரியாதை வைத்திருக்கிற ஒரே ஆள்.

"ரெண்டு பேருக்கும் கேக்காதுன்னா பொறக்குற பிள்ளைக்கும் கேக்காது. அறிவியல் சொல்லுது" என்றேன்.

"எந்த அறிவியல்? நீங்க படிச்ச எட்டாங்கிளாஸ் அறிவியலா?" அடுப்படியிலிருந்து என் மனைவி செண்பகவல்லி.

அபிராமி எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரல்களால் செண்பகத்திடம் ஏதோ கேட்டாள். இவளும் விரல்களாலேயே பதில் சொன்னாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என்ன பேச்சு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள் செண்பகம்.

ஆடி முடியட்டும், ஆவணி பிறந்ததும் பதில் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதற்குள் நிரூபித்துக் காட்டுவேன்.

ஜூன் 5, திங்கள்

பழைய புத்தகக் கடையில் பதினொன்றாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் புத்தகங்கள் வாங்கினேன். கூடவே ஒரு கைடும்.

"பேரனுக்கா அண்ணாச்சி?" என்றான் கடைக்காரன்.

"எனக்கு."

சிரித்தான். சிரிக்கட்டும். முப்பத்தாறு வருடம் மின்சாரத் துறையில் லைன்மேனாக இருந்தேன். டிரான்ஸ்ஃபார்மர் எப்படி வேலை செய்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. புத்தகம் வாங்கிப் படித்தேன். மழை நேரத்தில் ஃபால்ட் எங்கே என்று தெரியாமல் திணறும்போது படித்த இன்ஜினியர்கள் என்னைத்தான் தேடினார்கள். ஓய்வு பெறும் நாளில் சால்வையை மட்டும் வேறு யாருக்கோ முதலில் போட்டார்கள்.

ஜூன் 9, வெள்ளி

செல் பாடம் முடித்தேன். இரண்டு முறை.

இதைப் படிக்காமலே எழுபத்தோரு வருடம் இந்த உடம்பில் குடியிருந்திருக்கிறேன். ஒரு செல், கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் உட்கரு, அது இன்னும் சிறிது. அதற்குள் டி.என்.ஏ. நீட்டிப் பிடித்தால் ஆறு அடிக்கு மேல் வருமாம். என்னைவிட உயரம். அறுந்துபோகாமல், சிக்குப்போடாமல் சுற்றி வைத்திருக்கிறது. கம்பிச் சுருளை லாரியில் ஏற்றுவதற்குள் எங்கள் ஆட்கள் போட்ட சிக்கை எடுக்க ஒரு பகல் போன கதை எனக்குத் தெரியும்.

அந்த நூலில் நாலே எழுத்து. நாலு எழுத்தை வைத்து மூக்கும் முழியும் முட்டிச் சில்லும். எழுதியவன் யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிடலாம்.

செண்பகம் இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டாளாம். எனக்குக் கேட்கவில்லை.

ஜூன் 14, புதன்

பரம்பரைப் படம் வரையும் முறை புத்தகத்தில் இருக்கிறது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். குறை உள்ளவருக்கு முழுக் கறுப்பு. தனக்குக் குறை இல்லாமல் உள்ளே சுமந்துகொண்டிருப்பவருக்குப் பாதிக் கறுப்பு. அப்படிச் சுமக்கிற இரண்டு பேர் சேர்ந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

ஃபால்ட் தேடுவதும் இதுவும் ஒன்றுதான். கம்பம் கம்பமாக நடக்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் ஊகிக்கக் கூடாது.

சார்ட் வாங்கி ஹாலில் ஆணியடித்து மாட்டினேன். அபிராமி முழுக் கறுப்பு. கோமதியும் சண்முகவேலும் பாதிப் பாதி. கோமதிக்கு எங்கிருந்து வந்தது? இது எல்லோருக்கும் தெரிந்தது. செண்பகத்தின் தாய்மாமா செவிடு. அவர் முழுக் கறுப்பு, செண்பகம் பாதி. சண்முகவேலுக்கு? அவன் அப்பா, காலமான என் அத்தான், வெளியூர்க்காரர். அவர் குடும்பத்தில் யார் யார் என்று யாருக்குத் தெரியும்? அத்தான் பாதி.

என் சதுரமும் அக்காள் வட்டமும் எங்கள் அப்பா அம்மாவும் வெறுமை. எங்கள் வீட்டில் இப்படி யாரும் கிடையாது.

எல்லாம் பேனாவில்தான் வரைந்தேன். தெரிந்ததைப் பென்சிலில் எழுதுவது என் வழக்கம் இல்லை.

செண்பகம் கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள்.

"இது நானா?"

"ஆமா."

"எங்க மாமாவுக்கு ஒம்பது வயசுல மூளைக்காய்ச்சல் வந்து காது போச்சு. அதுக்கு முன்னால கோயில்ல பாடினவரு. இதை எத்தனை தடவை சொல்லியாச்சு உங்ககிட்ட?"

"காய்ச்சல் எல்லாருக்கும்தான் வருது."

கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. துடைக்காமல் போய்விட்டாள்.

ஜூன் 21, புதன்

கைடில் பிழை. நுரையீரல் தமனியைச் சிவப்பாக அடித்திருக்கிறார்கள். அதில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். நீலமாக இருக்க வேண்டும். பதிப்பகத்துக்கு அஞ்சலட்டை போட்டேன்.

ஜூலை 2, ஞாயிறு

அபிராமி தனியாக வந்தாள். எனக்கும் அவளுக்கும் பேச்சு என்றால் நோட்டில்தான். அவள் எழுதுவாள், நான் எழுதுவேன். அவள் கை பேசுவது எனக்குப் புரியாது. கற்றுக்கொள்ள எங்கே நேரம் இருந்தது? மழையா, காற்றா, லைன் போனால் நான் போக வேண்டும். செண்பகம் வீட்டிலேயே இருந்தவள், அவளுக்கு முடிந்தது.

சார்ட்டை வெகுநேரம் பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்தாள். அப்படியே படியெடுக்கிறேன்.

அவள்: தாத்தா, படம் அழகா இருக்கு. ஒரு சந்தேகம். அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். ரெண்டு பேருக்கும் பொதுவான ஆட்கள் யாரு? உங்க அம்மா, அப்பாதானே? ஆச்சி இல்லையே?

நான்: அதனால்?

அவள்: ரெண்டு தெரு இருட்டா இருந்தா, ரெண்டுக்கும் கரண்ட் வர்ற ஒரே கம்பத்தைத்தான் முதல்ல பார்ப்போம்னு நீங்கதான் எழுதிக் காட்டினீங்க. எனக்கு அப்ப எட்டு வயசு.

நான்: எங்கள் வீட்டில் யாருக்கும் இப்படி இல்லை.

என் பென்சிலை எடுத்து என் சதுரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டாள். அதை நான் அழிக்கவில்லை. ரப்பர் அகப்படவில்லை.

பிறகு எழுதினாள்: ஒருவேளை எங்க பிள்ளையும் என்னை மாதிரியே பிறந்தா உங்களுக்கு என்ன கஷ்டம் தாத்தா?

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினேன். பேனாவில் மை இருந்தது.

புறப்படும்போது ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும் என்று எழுதிக் கொடுத்தேன். அவள் உடனே தலையாட்டினாள். மறுப்பாள் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 8, சனி

மதுரை. பெரிய மருத்துவமனையில் மரபியல் பிரிவு. அபிராமி, கோமதி, சண்முகவேல், செண்பகம், நான். முகிலனும் சிவகாசியிலிருந்து நேரே வந்துவிட்டான். ஒல்லியான பையன். கைவிரல்களில் அச்சு மை. என்னைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டு, நான் உட்காரும்வரை உட்காரவில்லை. இதைக் குறித்து வைக்கத்தான் வேண்டும்.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வெளியே தெரியாமல் உள்ளே இருக்கிற ஒடுங்கு ஜீன் என்றால் என்ன என்று ஆரம்பித்தாள். மீதியை நான் சொன்னேன். பிள்ளைக்கு எது வரும் என்று கணக்குப் பார்க்கிற புன்னெட் கட்டம் போட்டே காட்டினேன்.

"எங்க படிச்சீங்க அய்யா?"

"சொந்தமா."

"எங்க காலேஜ் பிள்ளைங்க இவ்வளவு தெளிவாச் சொன்னா நான் நிம்மதியா ஊருக்குப் போவேன்" என்றாள். செண்பகம் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னாள். இதையும் குறித்து வைக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னாள். பிறவிச் செவிட்டுத்தன்மைக்குப் பல ஜீன்கள் காரணமாகலாம். இரண்டு பேருக்கும் ஒரே ஜீனில் குறை என்றால் பிள்ளைகள் எல்லாருக்கும் கேட்காது. வேறு வேறு ஜீன் என்றால் பெரும்பாலும் கேட்கும். இது என் புத்தகத்தில் இல்லை. சண்முகவேல் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"தாத்தா, பாட்டி ரத்தமும் இருந்தா எந்த வழின்னு தெளிவாத் தெரியும்" என்றாள் டாக்டரம்மா.

என் ரத்தம் எதற்கு? எனக்குத்தான் ஒன்றும் இல்லையே. தேவையில்லை என்றேன்.

செண்பகம் எழுந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஊசிக்காரப் பெண்ணின் முன்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊசி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், குழாய் நிறைகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 19, புதன்

காது.

வெளியே தெரிவது வெறும் மடல். உள்ளே, பொட்டு எலும்பு மூன்று. அவற்றில் ஒன்றுதான் உடம்பிலேயே சிறிய எலும்பு. அதற்கும் உள்ளே நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள். சுருளுக்குள் ஏறக்குறைய பதினைந்தாயிரம் முடிச் செல்கள். காற்று அசைந்தால் திரவம் அசைகிறது, திரவம் அசைந்தால் முடி சாய்கிறது, முடி சாய்ந்தால் மின்சாரம் பிறக்கிறது. நாம் கேட்பதெல்லாம் கடைசியில் மின்சாரம்தான்! இதை முப்பத்தாறு வருடத்தில் ஒருவனாவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

அந்தத் திரவம் எண்பது மில்லிவோல்ட் பிளஸ்ஸில் நிற்கிறதாம். இரவும் பகலும். தாயின் வயிற்றிலிருந்து வந்த நாள்முதல் மின்தடை இல்லாத சப்ளை.

நூலகத்தில் கிடைத்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு ஒரு வாரம் படித்துத் தெரிந்துகொண்டது இவ்வளவு. அபிராமிக்கு இதை எழுதிக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அப்புறம், அவளிடம் காதைப் பற்றி என்ன எழுதுவது என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 21, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. வீட்டுக் கன்னிக்குப் படைத்தோம். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் இது உண்டு. குடும்பத்தில் கல்யாணம் ஆகாமல் செத்துப்போன சிறுமி அந்த வீட்டுக்குத் தெய்வம். ஓலைப்பெட்டியில் பாவாடை, சட்டை, வளையல், கண்மை எல்லாம் இருக்கும். ஆடியில் ஒரு தரம், வீட்டில் நல்ல காரியம் என்றால் ஒரு தரம், புதுப் பாவாடை எடுத்து வைத்துக் கும்பிடுவோம்.

எங்கள் பெட்டி அம்மா கொடுத்தது. கன்னியின் பெயரை அவள் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. எங்கள் கன்னிக்கு மணி அடிப்பதில்லை. அம்மா அடிக்க விட மாட்டாள். விளக்கைத்தான் மூன்று தரம் சுற்றிக் காட்டுவாள். ஒவ்வொரு வீட்டுக்கு ஒவ்வொரு வழக்கம்.

செண்பகம் சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தாள். எனக்குக் கொஞ்சமாகத்தான் கொடுத்தாள். சர்க்கரை வியாதிக்காரனுக்கு அது போதும் என்று யார் முடிவு செய்தது?

ஜூலை 30, ஞாயிறு

பதிப்பகத்திலிருந்து பதில் இல்லை. இரண்டாவது அஞ்சலட்டை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

ரிப்போர்ட் வந்தது. நானும் கோமதியும் போய் வாங்கினோம். முகிலனுடையதைத் தனி உறையில் ஒட்டி அவன் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். அதை அவனிடம்தான் கொடுக்க வேண்டுமாம். சரி.

டாக்டரம்மா படம் போட்டு விளக்கினாள். முடிச் செல்லுக்குள் மின்சாரம் கொண்டுபோன பொட்டாசியம் வேலை முடிந்ததும் மறுபடி கிளம்பிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்புகிற வழியில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே சிறிய வாசல்கள். அந்த வாசலைக் கட்டுகிற புரதத்துக்கு கனெக்சின் 26 என்று பெயர். அபிராமிக்கு அது உருவாகவே இல்லை. காதில் மற்றதெல்லாம் அவளுக்குச் சரியாகத்தான் கட்டப்பட்டதாம். ரிட்டர்ன் மட்டும் இல்லை. ரிட்டர்ன் இல்லாமல் எந்த சர்க்யூட் ஓடும்?

இருநூற்று இருபத்தாறு கண்ணி கோத்த சங்கிலி அந்தப் புரதம். இருபத்து நாலாவது இடத்தில் ஜி என்ற எழுத்துக்குப் பதில் ஏ விழுந்துவிட்டது. ஒரே எழுத்து. அந்த இடத்தில் செல் "முற்றும்" என்று படித்துவிட்டு எழுந்துபோய்விடுகிறது.

கோபம் வரவில்லை. அத்தனை கோடி எழுத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கையால் படியெடுத்த மாதிரி கடத்திக்கொண்டு வந்ததில் ஒன்று மாறியிருக்கிறது. நான் இந்த நோட்டில் எத்தனை அடித்திருக்கிறேன்!

அபிராமி: இரண்டு பிரதியும் அப்படி. கோமதி: ஒன்று. சண்முகவேல்: ஒன்று.

செண்பகவல்லி: மாற்றம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 12, சனி

குழாயை மாற்றியிருப்பார்கள். ஒரே நேரத்தில் ஐந்து பேரிடம் எடுத்தார்கள். ஒரு மீட்டர் கார்டை இன்னொரு வீட்டில் எழுதுகிற தப்பு எந்த வேலையிலும் நடக்கும்.

செண்பகம் ரிப்போர்ட்டைக் கேட்டாள். மேஜையில் இருக்கிறது என்றேன். அவளுக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் தெரியும், அர்த்தம் தெரியாது. தன் பெயர் இருந்த தாளை மட்டும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, என்னைக் கூப்பிடாமல் கோமதிக்குப் போன் செய்து, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். போனை வைத்துவிட்டுப் பூண்டு உரிக்க உட்கார்ந்தாள். என்னிடம் கேட்டிருந்தால் நான் குழாய் விஷயத்தைச் சொல்லியிருப்பேன்.

நாளை அக்காளைப் பார்க்கப் போகிறேன். எங்கள் வழியில் யாரும் இல்லை என்று அவள் வாயால் கேட்டு எழுதிவிட்டால் முடிந்தது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

கடம்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனேன். அக்காள் வீடு ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். எழுபத்தெட்டு வயதிலும் தானே முறுக்கு சுடுகிறாள். என்னை எடுத்து வளர்த்தவள். அவள் பேச்சை நான் தட்டியதில்லை.

"ஏல இசக்கி, முகம் ஏன் இப்படி வத்திக் கெடக்கு? அவ சோறு போடுதாளா இல்லையா?"

"அதெல்லாம் போடுதா. யக்கா, நம்ம வீட்ல முந்தி யாருக்காவது காது கேக்காம இருந்துச்சா?"

எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள். இன்னும் மாவு மிச்சம் இருந்தது.

"இப்ப எதுக்கு அது?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"ஒனக்கு யாரு சொன்னா ஆவுடையப் பத்தி?"

ஆவுடை என்ற பெயரை என் ஆயுளில் இன்றுதான் கேட்டேன்.

எங்களுக்கெல்லாம் மூத்தவள். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குப் பத்து வயது. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவாளாம். ஒருநாள் பாதையோரம் கரித்துண்டு பொறுக்கப் போனாள். என்னை அன்றைக்கு அக்காள் வைத்திருந்தாள்.

"ரயில் கூவுச்சு. ஊரே கேட்டுச்சு. வயல்ல நின்னவங்க எல்லாம் கத்துனாங்க. அவ குனிஞ்சு பொறுக்கிக்கிட்டே இருந்தா."

அக்காள் கையிலிருந்த மாவைத் துடைத்தாள்.

"அம்மா எங்கிட்ட சத்தியம் வாங்குனா. செவிட்டுப் பிள்ளை பொறந்த வீடுன்னா என்னை யாரு கட்டுவா? ஒனக்கு யாரு பொண்ணு தருவா? அவளைக் கன்னியா வச்சுக் கும்பிட்டுட்டா. மணி அடிச்சா அவளுக்குக் கேக்காதுன்னு வெளக்கை மட்டும் காட்டுவா."

"அபிராமிக்குக் கேக்காதுன்னு டாக்டர் சொன்னப்ப ஒனக்குத் தெரிஞ்சிருக்குமே."

"தெரியும்."

"செண்பகம் வழியா வந்த குறைன்னு அன்னைக்கு எல்லாரும் பேசினாங்க. நீயும் பேசுன."

"நீயுந்தான் பேசுன. நான் ஒரு நாளு பேசினேன். நீ இருபது வருஷமாப் பேசுத." முறுக்குச் சட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்றினாள். "எனக்கு வாய் இருந்துச்சு, சொல்லல. ஒனக்குக் காது இருந்துச்சு, ஒம் பொண்டாட்டி சொன்னதக் கேக்கல. நம்ம வீட்ல நல்லவ ஆவுடை ஒருத்திதான், அதான் சாமியாப் போயிட்டா."

முறுக்கு கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

குழாய் மாறவில்லை.

ஆகஸ்ட் 16, புதன்

புதுச் சார்ட் வாங்கினேன். பழையது பேனாவில் வரைந்தது, அழியாது.

முதலில் அப்பா, அம்மா. இரண்டும் பாதிப் பாதி. அவர்களுக்குக் கீழே, அக்காளுக்கு முன்னால், ஒரு வட்டம். முழுக் கறுப்பு. அடியில் "ஆவுடை" என்று எழுதினேன். என் மூத்த அக்காளுக்கு நான் எழுதிய முதல் எழுத்து. இத்தனை நாளும் எங்கள் கம்ப வரிசையில் முதல் கம்பத்தை எண்ணாமல் நடந்திருக்கிறேன். கும்பிடுகிற இடத்தில் நின்றதால் அவளை ஆளாக எண்ணத் தோன்றவில்லை.

பேச்சியம்மாள், பாதி. அத்தான், வெறுமை. செத்தவரை வைத்துத் தப்பு எழுதியிருந்தேன்.

என் சதுரம். பாதியைக் கறுப்பாக்கினேன். கோடு தாண்டாமல், ஸ்கேல் வைத்து.

செண்பகம் வந்து நின்றாள். இன்று கையில் கரண்டி இல்லை.

"இது யாரு, மூத்தது? முழுக் கறுப்பு?"

"ஆவுடை. நம்ம கன்னி. அவளுக்கும் காது கேக்காது."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வருஷா வருஷம் பாவாடை எடுத்தேனே. பத்து வயசா, எட்டு வயசான்னுகூடத் தெரியாம அளவு வாங்கினேன்."

"பத்து."

"அப்ப சின்னதால்லா எடுத்துட்டேன்." சார்ட்டை நிமிர்ந்து பார்த்து, "நான் எங்க?"

காட்டினேன்.

"ஏன் வெறுசா இருக்கு?"

"உன்கிட்ட ஒண்ணும் இல்ல."

"அபிராமிக்குக் காது கேக்காதுன்னு சொன்ன அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல, பெத்த மகளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, சம்பந்தகாரங்க அத்தனை பேர் முன்னால என்ன சொன்னீங்க?"

நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. இங்கே எழுதவில்லை.

"அது தப்பு" என்றேன்.

இவ்வளவுதான் சொன்னேன். இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. அவள் பழைய சார்ட்டை ஆணியிலிருந்து கழற்றினாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். நாலாக மடித்து அரிசி டின்னுக்கு அடியில் போட்டு, டின் ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஆவணி ஒன்று. அபிராமியும் முகிலனும் வந்தார்கள். முகிலன் உறையைக் கொண்டுவந்திருந்தான். ஒட்டியது ஒட்டியபடி.

அபிராமி நோட்டில் எழுதினாள்: இதுல என்ன இருந்தாலும் நான் இவரைத்தான் கட்டிக்குவேன். எங்களுக்கு இது வேண்டாம். ஆனா உங்களுக்காக ரத்தம் கொடுத்தார். பிரிக்கணும்னா நீங்க பிரிச்சுக்கோங்க தாத்தா.

உறை என் மடியில் இருந்தது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, மறைக்கவில்லை. ஒரு நாளைக்கு லட்சம் தடவை அடிக்கிற சாமான் அது, அதற்கு இது பெரிதில்லை. ஒரே ஜீனா, வேறா? விளக்கில் காட்டினால் ஒருவேளை எழுத்துகூடத் தெரியும்.

புதுச் சார்ட்டைப் பார்த்தேன். ஆவுடைக்குக் காது கேட்காது என்பது அம்மாவுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்தாள்? மறைத்தாள். நான் தெரிந்து என்ன செய்தேன்? செண்பகத்தின் மேல் போட்டேன். ரயிலுக்குத் திரும்பிப் பார்க்க அந்தப் பிள்ளைக்குக் கையால் நாலு வார்த்தை சொல்லிக்கொடுத்து, பக்கத்தில் ஒரு ஆளையும் வைக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அபிராமிக்குச் செண்பகம் செய்தாள். அபிராமி பஸ் ஏறி, வேலை பார்த்து, தனக்கு மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டு வந்து நிற்கிறாள்.

நோட்டில் எழுதினேன்: மின்சாரம் நிறுத்தியாயிற்று என்று லைன் கிளியர் வாங்காமல் நான் ஒரு கம்பத்திலும் ஏறியதில்லை. இது உங்கள் லைன்.

உறையை முகிலனிடம் கொடுத்தேன். அவன் அபிராமியிடம் கொடுத்தான். அவள் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பிரித்தார்களா என்று கேட்க மாட்டேன்.

சண்முகவேலுக்குப் போன் செய்து சம்மதம் சொன்னேன். "மாமா, நிசமாவா?" என்று மூன்று தரம் கேட்டான். ஒரு தரம் சொன்னால் போதாதா?

ஆகஸ்ட் 20, ஞாயிறு

நிச்சயம் நடந்தது. அதற்கு முன், வழக்கப்படி கன்னிக்குப் படைத்தோம். பாவாடை இந்த முறை பத்து வயது அளவு. அரக்கு நிறம், செண்பகம் தேர்ந்தெடுத்தாள்.

முகிலனின் நண்பர்கள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். யாருக்கும் காது கேட்காது. இவ்வளவு பேச்சை என் வீட்டு ஹால் கண்டதில்லை. கைகள் ஓயவில்லை. கேலி செய்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒருவன் என் நடையை நடந்து காட்டினான், எல்லாரும் சிரித்தார்கள். நாங்கள் காது கேட்கிறவர்கள்தான் மூலையில் ஊமையாக நின்றோம்.

தீபாராதனைக்கு நிச்சயத்துக்கு வந்த ஐயர் பழக்கத்தில் மணியை எடுத்துவிட்டார். மணிக்கட்டைப் பிடித்தேன். "எங்க கன்னிக்கு மணி வேண்டாம் சாமி. வெளக்கை நல்லா உசத்திக் காட்டுங்க."

அபிராமி சார்ட்டின் முன் நின்றிருந்தாள். பிறகு நோட்டில் எழுதினாள்: இவங்களுக்குக் கைப்பெயர் உண்டா?

கைப்பெயர் என்றால், கேட்காதவர்கள் ஒவ்வொருவருக்கும் வைத்துக்கொள்கிற ஒரு சைகை. எழுதி எழுதிக் கூப்பிட முடியாதே. ஆவுடைக்கு அப்படி ஒன்று இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. இல்லை என்று எழுதினேன்.

அவள் ஓலைப்பெட்டியைப் பார்த்தாள். இரண்டு விரலால் பாவாடை ஓரத்தைத் தூக்கிப் பிடிப்பதுபோல் பிடித்து, அந்தக் கையை அப்படியே இடுப்புக்குக் கொண்டுபோனாள், குழந்தையை ஏந்துகிற மாதிரி. என்னை ஆவுடை இடுப்பில் வைத்திருந்த கதையைச் செண்பகம் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பன்னிரண்டு பேரும் அதைச் செய்து பார்த்தார்கள். முகிலனும் செய்தான்.

நானும் பெட்டியின் முன்னால் நின்று செய்தேன். மூன்றாவது முறை வந்தது. நான் கற்ற முதல் கைச்சொல் இது.

செண்பகம் என் மணிக்கட்டைப் பிடித்து இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினாள்.

நான் வைத்திருந்த உயரம்தான் சரி. பத்து வயதுப் பிள்ளையின் இடுப்பு எங்கே இருக்கும் என்று நாளை அளந்து காட்டுவேன்.